கொட்டில் முதலில், குட்டி பிறகு

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாத முற்பகுதியில், மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்து தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்த நாட்களில், வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் சில தினங்களுக்குள் செத்து மடிந்தன. ஏதோ கொள்ளைநோய் பரவிவிட்டது என்று சனங்கள் பயந்தார்கள். இறந்த மிருகங்களைப் பரிசோதித்த பின் மிருக வைத்தியர்கள் சொன்ன காரணம் குளிர். மழையில் ஊறி, காற்றில் நின்று, வயிற்றில் போதிய தீன் இல்லாமல் அவை விறைத்துச் செத்தன.

எம்மிற் பலருக்கு இது நம்பமுடியாத செய்தியாக இருந்தது. வெயிலால் வாடுகிற எமது மண்ணில் குளிரால் மிருகம் சாகுமா என்று கேட்டார்கள். நோய் கொன்றிருந்தால் ஊசி கேட்டிருப்போம். குளிர் கொன்றது என்றதும் விதி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். மூன்று வருடங்கள் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மீண்டும் வீடுகளையும் வயல்களையும் பட்டிகளையும் இழந்து நின்றோம். வெள்ளத்தைத் தடுக்க எம்மால் முடியாது. ஆனால் வெள்ளம் வராத இடத்திலும், ஒவ்வொரு மாரியிலும், சத்தமில்லாமல் குளிர் கொண்டுபோகும் உயிர்களைக் காப்பாற்ற எம்மால் முடியும். இக்கட்டுரையில் நாம் பன்றியை முன்வைத்து அதைப் பேச விரும்புகிறோம். வீட்டு மிருகங்களில் குளிரை மிகக் குறைவாகத் தாங்குவது பன்றிக்குட்டி. குளிர் அதற்குப் பகை என்று மிகக் குறைவாக நினைக்கப்படுவதும் அதுவே.

சேற்றைப் பற்றிய தப்பெண்ணம்

"பன்றிக்குச் சேறுதானே சுகம், மழையில் கிடக்கட்டும்" என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். இந்தப் பேச்சுத்தான் பல குட்டிகளைக் கொல்கிறது. பன்றிக்கு எம்மைப்போல வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது. அதனால் சித்திரை வெயிலில் அது சேற்றைத் தேடிப் புரள்கிறது. சேறு அதற்கு வெயில் மருந்து. வெயில் போனதும் அதே பன்றி காய்ந்த இடத்தைத் தேடும். இடம் கொடுத்தால், படுக்க ஒரு மூலையும் சாணமிட வேறொரு மூலையும் தானே பிரித்து வைத்துக்கொள்ளும். மாரியில் சேற்றுக்குள் கிடக்கும் பன்றி விரும்பிக் கிடப்பதில்லை. அதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மாட்டைப்போலவோ ஆட்டைப்போலவோ அடர்ந்த மயிர் பன்றிக்கு இல்லை. வளர்ந்த பன்றியின் தோலுக்குக் கீழே கொழுப்பு இருக்கிறது. அது ஓரளவு போர்வையாக உதவும். பிறந்த குட்டிக்கு அதுவும் இல்லை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடக் குறைய நிறை, ஈரமான மெல்லிய தோல், உடம்பில் எரித்துச் சூடாக்கக் கொழுப்பு இல்லை. தாயின் வயிற்றில் 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்த அந்த உயிர் திடீரென்று கார்த்திகை இரவில் சீமெந்துத் தரையில் விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். பிறந்து முதல் சில நாட்களில் குட்டிக்குத் தேவையான சூடு 32 முதல் 34 பாகை. எமது வரண்ட வலயத்தில் மாரிகால இரவு சாதாரணமாகவே 22 பாகை அளவுக்கு இறங்கும். போர்வை போர்த்த எமக்கு அது இதமான குளிர். அந்தக் குட்டிக்கோ பத்துப் பாகைக் குறைவு. மலையகத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். நுவரெலியாப் பக்கத்தில் தை மாசியில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை. மழை விட்ட பின்னும் பனி இருக்கிறது.

நசுங்கிச் செத்ததா, குளிரில் செத்ததா?

காலையில் கொட்டிலுக்குப் போனால் இரண்டு குட்டிகள் தாயின் கீழே நசுங்கிக் கிடக்கும். "தாய் பொல்லாதது, குட்டியைப் பார்க்காமல் படுத்துவிட்டது" என்று அதன்மேல் பழியைப் போடுவோம். நடந்தது பெரும்பாலும் வேறு. குளிர்ந்த குட்டி சூட்டைத் தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கிறது. அங்கே ஒன்றுதான் சூடான இடம். விறைத்த கால்களால் விரைவாக எழும்ப முடிவதில்லை. தாய் புரளும்போது சுறுசுறுப்பான குட்டி ஓடித் தப்பும், விறைத்தது தப்பாது.

நசுங்காத குட்டிக்கும் ஆபத்து உண்டு. விறைத்த குட்டி முலையைத் தேடிப் போட்டிபோடாது. பால் குடிக்காததால் உடம்பில் சூடு உண்டாகாது. சூடு இல்லாததால் மேலும் சோர்ந்து குடிக்காது. இந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட குட்டி ஒரே இரவில் போய்விடும். போகாவிட்டாலும், பிறந்து முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வயிறாரக் குடிக்கவேண்டிய கடும்புப் பாலை அது இழந்துவிடுகிறது. நோயை எதிர்க்கும் பலம் அந்தப் பாலில்தான் இருக்கிறது. ஒரு நாள் கழிந்த பின் அதைக் குடித்தாலும் உடம்பு அந்தப் பலத்தை ஏற்றுக்கொள்ளாது. இரண்டு கிழமை கழித்து வயிற்றோட்டத்தில் சாகும் குட்டி, உண்மையில் முதல் இரவுக் குளிரில் சாகத் தொடங்கிய குட்டியாக இருக்கலாம்.

பத்துக் குட்டி போட்ட இடத்தில் மூன்று போனால் என்ன மிஞ்சும்? நூற்றுப் பதினான்கு நாள் தாய்க்குப் போட்ட தவிடும் புண்ணாக்கும் பத்துக் குட்டிக்கான செலவு. அதை ஏழு குட்டி சுமக்கவேண்டும். கடன்பட்டுத் தொடங்கிய குடும்பத்துக்கு அந்த மூன்று குட்டியில்தான் இலாபம் இருந்தது. பணக்கணக்கோடு விடயம் முடிவதுமில்லை. எத்தனையோ வீடுகளில் பன்றிக்குட்டிக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த பிள்ளைக்குப் புது இடத்தில் கிடைத்த முதல் சொந்தம் அந்தக் குட்டியாக இருக்கும். அது விறைத்துக் கிடப்பதைக் காலையில் முதலில் காண்பதும் அந்தப் பிள்ளைதான்.

உதவி வரும் காலம்

இங்கே நாம் வெளிப்படையாகப் பேசவேண்டிய ஒன்று உண்டு. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கும் வாழ்வாதார உதவியாக ஆடு, மாடு, கோழி, பன்றி கொடுக்கப்படுகின்றன. நல்ல வேலை. ஆனால் அவை எப்போது கொடுக்கப்படுகின்றன? பல இடங்களில் நாம் கண்டது, ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொடுக்கப்படுவதைத்தான். அதாவது மழை கொட்டத் தொடங்கும்போது, தாயைப் பிரிந்து சில நாட்களேயான குட்டி, லொறியில் நனைந்து வந்து, தறப்பாள் கொட்டிலிலேயே தாம் ஒதுங்கி இருக்கும் ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்கப்படுகிறது. படம் எடுத்து, கையொப்பம் வாங்கி, எல்லோரும் போய்விடுகிறார்கள். தை பிறக்கும்போது குட்டி இல்லை. "இந்தச் சனங்களுக்கு வளர்க்கத் தெரியாது" என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கால்நடையோடு வாழ்ந்தவர்கள் எமது சனங்கள். சொந்தக் காணியில் அவர்களுக்கு வைக்கோற் போர் இருந்தது, மாட்டுக்கொட்டில் இருந்தது, காற்றை மறைக்கும் பனையும் வேலியும் இருந்தன. இடம்பெயர்ந்தபோது இவை கூடவே வரவில்லை. தெரியாமை இங்கே குறை அன்று, கூரை இல்லாமையே குறை.

ஆகவே எமது கருத்து இதுதான்: கொட்டில் முதலில், குட்டி பிறகு. பன்றியோ ஆடோ கொடுக்கும் எந்த நிறுவனமும், எந்தத் திணைக்களமும், காய்ந்த தரையும் காற்று மறைப்பும் உள்ள கொட்டிலுக்கான பொருளை முதலில் கொடுக்கவேண்டும். அது நிற்பதைக் கண்ட பின் மிருகத்தைக் கொடுக்கவேண்டும். ஐப்பசிக்கு முன் கொட்டில் எழும்பாவிட்டால் மிருகம் கொடுப்பதை மாசி வரை தள்ளவேண்டும். குடும்பங்களாகிய நாமும் "கிடைப்பதை இப்போதே வாங்கிவிடுவோம், பிறகு தராமல் விட்டுவிடுவார்கள்" என்ற பயத்தை விட்டு, "கூரைக்குக் கிடுகும் தடியும் தாருங்கள், தை முடிய மிருகத்தைத் தாருங்கள்" என்று சேர்ந்து கேட்கவேண்டும். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

"மனிதருக்கே வீடு இல்லை, பன்றிக்கு வீடா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எங்கள் பதிலும் நேரானது. மனிதருக்கு வீடு கட்ட இலட்சக்கணக்கில் வேண்டும். நாம் சொல்லும் பன்றிக்கொட்டிலுக்குக் காட்டுத்தடி, கிடுகு, பழைய சாக்கு, வைக்கோல், இரண்டு நாள் உழைப்பு வேண்டும். அந்த மிருகம் பிழைத்தால் அதன் குட்டிகளை விற்ற காசில் வீட்டுக்கு ஒரு கதவாவது வரும். செத்தால் இரண்டும் இல்லை.

எது போதும்?

முழுக் கொட்டிலையும் சூடாக்க வேண்டியதில்லை. தாய்ப்பன்றிக்கு 18 முதல் 22 பாகை போதும், அதற்கு மேல் சூடேறினால் அது தீன் தின்னாது, பால் குறையும். குட்டிக்கோ 32 பாகைக்கு மேல் வேண்டும். ஒரே கொட்டிலில் இரண்டு காலநிலை தேவை. அதற்கு வழி குட்டிக்கென்று ஒரு சூடான மூலை.

முதலாவது, திசை. மாரியில் எமக்கு அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வருவது. கொட்டிலின் வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் கிடுகாலோ பனையோலையாலோ நிலத்திலிருந்து மூன்றடி வரையாவது இறுக அடைக்கவேண்டும். தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் மழைவிட்ட வெயில் அந்தப் பக்கத்தால் உள்ளே வரும். நாலு பக்கமும் தறப்பாளால் மூடிக்கட்டுவது பிழை. மூத்திர நெடி உள்ளே தங்கி இருமலைக் கொண்டுவரும். கூரையோரம் மேலே காற்றுப் போகட்டும். படுத்திருக்கும் மிருகத்தின் உயரத்தில் மட்டும் காற்று அடிக்கக் கூடாது.

இரண்டாவது, தரை. மேலே எவ்வளவு மறைத்தாலும் ஈரத்தரையும் வெறும் சீமெந்தும் குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். நிலத்தை அரை அடி உயர்த்தி, சரிவு விட்டு, சுற்றி வாய்க்கால் வெட்டவேண்டும். படுக்கும் மூலையில் அரை அடி கனத்துக்குக் காய்ந்த வைக்கோல் போடவேண்டும். ஈரமானதை அன்றன்றே எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். இங்கே ஒரு கவலையைச் சொல்லவேண்டும். காலபோக அறுவடை முடிந்ததும் எத்தனையோ வயல்களில் வைக்கோலைக் கொளுத்திவிடுகிறோம். பங்குனியில் சாம்பலாகும் அந்த வைக்கோல்தான் கார்த்திகையில் எமக்கு இல்லாமற் போகிறது. சொந்த வயல் இல்லாதவர்கள் அயலவரிடம் கேட்டால் பலர் சும்மாவே தருவார்கள். கட்டித் தூக்கி, மழை படாத இடத்தில் வைப்பதுதான் வேலை.

மூன்றாவது, குட்டிப் பெட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட பலகைப் பெட்டி ஒன்று, குட்டி மட்டும் நுழையக்கூடிய வாசலோடு, உள்ளே வைக்கோலோடு, கொட்டிலின் மூலையில் இருந்தால் பத்துக் குட்டியின் உடற்சூடே அதை ஓரளவு சூடாக்கும். மூடியின்மேல் சாக்குப் போட்டால் இன்னும் நல்லது. மின்சாரம் உள்ள வீட்டில் மின்குமிழ் தொங்கவிடலாம். ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் எல்ஈடி குமிழ் வெளிச்சம் தருமே தவிர இந்த வேலைக்குப் போதிய சூடு தராது. பழைய இழைக் குமிழோ கோழிக்குஞ்சுக்குப் பாவிக்கும் சூட்டுக் குமிழோ வேண்டும். அதைத் தகர மூடி போட்டு, வைக்கோலில் முட்டாத உயரத்தில், தாய் வயரைக் கடிக்க முடியாதபடி கட்டவேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் பிளாஸ்ரிக் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, சாக்கில் சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து வைக்கலாம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். முதல் மூன்று இரவு அந்தச் சிரமத்தைப் பட்டால் போதும், பெரும்பாலான இழப்பு அந்த நாட்களில்தான். கரிச்சட்டியையும் மண்ணெண்ணெய் விளக்கையும் வைக்கோற் கொட்டிலுக்குள் வைக்கவேண்டாம். ஒரு தட்டில் கொட்டிலே எரிந்துபோகும். மூடிய இடத்தில் கரிப்புகை மிருகத்தையும் காவலிருக்கும் மனிதரையும் கொல்லும்.

நாலாவது, தாய் படுக்கும் பக்கச் சுவரோரமாக, சுவரிலிருந்தும் நிலத்திலிருந்தும் எட்டு முதல் பத்து அங்குலம் தள்ளி ஒரு உறுதியான தடியைக் கட்டிவிடுங்கள். தாய் சுவரோடு சாயும்போது குட்டி தப்ப இடம் இருக்கும்.

இவை சரியா என்று அறிய வெப்பமானி தேவையில்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர். தள்ளித் தள்ளி மூச்சிரைத்துக் கிடந்தால் சூடு கூடிவிட்டது. பக்கம் பக்கமாகக் கால் நீட்டிச் சரிந்து தூங்கினால் எல்லாம் சரி. வளர்ந்த பன்றியும் அப்படித்தான். கால்களை வயிற்றின் கீழ் மடக்கி, மயிர் சிலிர்த்துக் கிடந்தால் அதற்குக் குளிருகிறது. அதற்குக் கூடுதலாக ஒரு பிடி தீனும் காய்ந்த படுக்கையும் கொடுங்கள். குளிரில் தீன்தான் விறகு.

விறைத்த குட்டியைக் கண்டால் அதன் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாயும் குளிர்ந்திருந்தால் உடனே பால் பருக்கவேண்டாம், புரையேறும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் தலையை வெளியே பிடித்து உடம்பை அமிழ்த்தி, சூடேறியதும் நன்றாகத் துடைத்து, பிறகு தாயின் பாலைக் கறந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

காலத்தைத் தெரிந்தெடுத்தல்

இவற்றையெல்லாம்விட மலிவான வழி ஒன்று உண்டு. பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள். ஆடியின் பிற்பாதியிலும் ஆவணியிலும் கிடாவுக்கு விட்டால் கார்த்திகை, மார்கழி மழைக்குள் குட்டி விழும். புரட்டாதி நடுப்பகுதி வரை பொறுத்தால் தைப்பொங்கலுக்குக் கிட்டக் குட்டி கிடைக்கும். மழை ஓய்ந்திருக்கும், அறுவடை தொடங்கத் தவிடும் வைக்கோலும் கையில் வரும். ஒரு சினைச் சுற்றைப் பிந்திவிடுவது நட்டம்போலத் தெரியும். பத்தில் மூன்றை இழப்பதைவிட அது சிறிய நட்டம்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எமது நாட்டிலும் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு மருந்து இல்லை. காய்ச்சல் கண்ட பன்றியும் குளிர் பிடித்ததுபோல ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே, காய்ந்த படுக்கையும் மறைப்பும் இருந்தும் வளர்ந்த பன்றிகள் தீன் தின்னாமல் கிடந்தாலோ, அடுத்தடுத்துச் செத்தாலோ, குளிர் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். இறைச்சியை விற்கவோ பங்கிடவோ வேண்டாம். சாப்பாட்டுக்கடை மிச்சத்தை அரை மணித்தியாலமாவது கொதிக்கவைக்காமல் கொடுக்கவும் வேண்டாம்.

எல்லாக் குடும்பத்துக்கும் பன்றி பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அயலில் முஸ்லிம் மக்களோ, பன்றியை விரும்பாத வேறு குடும்பங்களோ வாழ்ந்தால், கொட்டிலை எங்கே போடுவது, கழிவுநீர் எந்தப் பக்கம் போவது என்பதை முதலில் அவர்களோடு பேசித் தீர்க்கவேண்டும். நலன்புரி நிலையத்தில் நெருங்கி வாழும்போது, இரவல் காணியில் எப்போது எழும்பச் சொல்வார்களோ தெரியாத நிலையில், நாலு கோழியோடு பொறுத்திருப்பதே புத்தி. மிருகத்துக்கு உரிய இடம் கொடுக்க முடியாதபோது அதை வாங்காமல் விடுவதும் நல்ல விவசாயியின் முடிவுதான்.

வைத்திருக்கிறவர்கள் ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் மாலை கொட்டிலுக்குள் குனிந்து, மிருகம் படுக்கும் உயரத்தில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, கூரை எங்கே ஒழுகும், தண்ணீர் எங்கே நிற்கும் என்பது அந்த உயரத்தில் தெரியும். தறப்பாளின் கீழ் மாரியைக் கழித்த எமக்கு அதை விளங்கிக்கொள்ள வேறு படிப்புத் தேவையில்லை. அடுத்த நாள் காலை, ஒழுகும் இடத்துக்கு இரண்டு கிடுகு வையுங்கள்.